கிட்டப் போய் எடுப்பதா, எட்ட நின்று இழுப்பதா?

என் அம்மா இறந்து மூன்று வருடங்களாகின்றன. அன்றைக்கு வீடு நிறைய ஜனம். அழுதுகொண்டிருந்த என்னைத் தனியே கூப்பிட்டு, என் தம்பி மெதுவாகக் கேட்டான். "அக்கா, அம்மா படம் ஒண்ணு வேணும். மாலை போடணும். உங்கிட்ட இருக்கா?"

எங்கள் வீட்டில் கல்யாண ஆல்பங்கள் நாலு. பீரோவுக்கு மேலே தகரப் பெட்டி நிறையப் படங்கள். என் செல்போனில் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றிலும் அம்மா இருந்தாள். ஆனால் எப்படி இருந்தாள் தெரியுமா? பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டு, குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி முகமாக, பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் தலைக்குப் பின்னால் ஒளிந்தபடி! கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிது பண்ணிச் சட்டம் போட்டார்கள். சோழவந்தான் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் அதுதான் தொங்குகிறது. ஊதுபத்தி ஏற்றும்போதெல்லாம், யாரோ ஒருத்திக்கு ஏற்றுகிற மாதிரி இருக்கும் எனக்கு.

அப்பாவுக்காவது இந்தக் கதி வரக்கூடாது, அவர் நல்லபடியாக இருக்கும்போதே அவர் முகம் அவர் முகமாகத் தெரிகிற ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன். அந்த ஒரு படத்துக்காக நான் லென்ஸ் வாங்கப் போய், ஏமாந்து, பிறகு புத்தி தெளிந்த கதையைத்தான் சொல்ல வந்தேன். ஹைஸ்கூலோடு படிப்பை நிறுத்தியவள் லென்ஸைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். காசைக் கொட்டிக் கற்றுக்கொண்ட பாடம் இது!

சீட்டுப் பணமும் நீள லென்ஸும்

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன என் அண்ணன் மகன், தன்னுடைய பழைய டிஜிட்டல் கேமராவை "அத்தை, நீங்க வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதோடு வந்தது 18-55 என்று எழுதிய சின்ன லென்ஸ். ஆனால் எனக்கோ, கல்யாண மண்டபங்களில் போட்டோக்காரர்கள் மாட்டிக்கொண்டு திரிகிறார்களே, முழ நீள லென்ஸ், அதன்மேல்தான் கண். அதிலே எடுத்தால்தான் படம் படமாக வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டு எடுத்த பணம் பதினைந்தாயிரம் கையில் இருந்தது. ஒரு கடைக்குப் போனேன். "அக்கா, ஜூம் வாங்கிட்டுப் போங்க. எல்லாம் ஒண்ணுலயே முடிஞ்சிரும்" என்றார் கடைக்காரர். 70-300 என்று ஒரு லென்ஸைக் காட்டினார். கடை வாசலில் நின்று எதிர்ச்சாரிக் கட்டிடத்தைப் பார்த்தால், மூன்றாவது மாடிக் கொடியில் காயும் துண்டின் கரை தெரிகிறது! அவ்வளவுதான், மயங்கிவிட்டேன். பதினோராயிரம் போயிற்று. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எதிர்த்த வீட்டுல என்ன குழம்புன்னு இனிமே இங்கிட்டு இருந்தே பாத்துக்கலாம்" என்றார். அதோடு விட்டாரே, பெரிய மனசு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அப்பாவை நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. கூடத்தில் பட்டப்பகலிலும் மங்கல்தான். கேமராவை வைத்துப் பார்த்தால் அப்பாவின் மூக்கு மட்டும் தெரிகிறது! பின்னால் பின்னால் நகர்ந்து, நடையைத் தாண்டித் திண்ணைக்கே வந்துவிட்டேன். அங்கிருந்து அப்பாவைக் கூப்பிட்டுப் பேசவா முடியும்? "அப்பா, சிரிங்க!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. மாடு ஏதும் அவிழ்த்துக்கொண்டதோ என்று எழுந்தே வந்துவிட்டார்.

நாற்பது படம் எடுத்திருப்பேன். எல்லாம் ஆட்டம். முகம் இரட்டையாக, கை புகையாக. பிளாஷ் போட்டால் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி, கண் இரண்டும் மூடி. இரவு ஒவ்வொன்றாக அழித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சீட்டுப் பணம் போனது ஒரு பக்கம். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறதே என்ற பயம் இன்னொரு பக்கம்.

ஜன்னலும் சாவித் துவாரமும்

எங்கள் தெருவில் முப்பது வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "லென்ஸ் நல்ல லென்ஸ்தாம்மா. நீ அதை வேண்டாத எடத்துல வச்சு வேலை வாங்கியிருக்க" என்றார். பிறகு அவர் சொல்லிக் கொடுத்ததை, எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன்.

லென்ஸில் இரண்டு விதமான எண்கள் எழுதியிருக்கும். ஒன்று மில்லிமீட்டர்: 18, 35, 50, 300 என்று. குவிய தூரம் என்பது இதுதான். எண் சின்னதாக இருந்தால் அகலமான காட்சி தெரியும். பெரிதானால் தூரத்துப் பொருள் கிட்டே வரும். ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் அது பிரைம் லென்ஸ். இழுக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. போட்டோக்காரர்கள் 'பிக்ஸட் லென்ஸ்' என்றும், சினிமாக்காரர்கள் 'பிளாக் லென்ஸ்' என்றும் சொல்வார்கள். 18-55, 70-300 என்று இரண்டு எண் இருந்தால் அது ஜூம். வளையத்தைத் திருகினால் நின்ற இடத்திலிருந்தே கிட்டேயும் தூரமும் பார்க்கலாம்.

இரண்டாவது எண்தான் முக்கியம். கடையில் நான் அதைக் கேட்கவே இல்லை! 1.8, 2.8, 4, 5.6 என்று இருக்கும். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துவாரம் எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதன் கணக்கு அது. இதில் ஒரு வேடிக்கை: எண் சின்னதானால் துவாரம் பெரிது. 2 என்பது பெரிய ஜன்னல் என்றால், 5.6 என்பது சாவித் துவாரம் மாதிரி. 2-லிருந்து 2.8-க்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். 2.8-லிருந்து 4-க்குப் போனால் அதிலும் பாதி. 5.6-க்குப் போனால் அதிலும் பாதி. ஆக 2 எங்கே, 5.6 எங்கே? எட்டில் ஒரு பங்கு! 1.8 என்றால் வித்தியாசம் ஏறக்குறையப் பத்து மடங்கு.

விலை மலிவான ஜூம் லென்ஸ்களை இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் 5.6-க்கு மேல் திறக்காது. என் 18-55-ம் அப்படித்தான், 70-300-ம் அப்படித்தான். விலை மலிவான 50 மில்லிமீட்டர் பிரைமோ 1.8 வரை திறக்கும். ஒரு மங்கலான அறையில் பிரைம் லென்ஸ் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் படத்தை முடித்துவிடும் என்றால், அதே படத்துக்கு 5.6 லென்ஸ் நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் திறந்தே கிடக்க வேண்டும். அதற்குள் அப்பா தலையாட்டிவிடுவார், என் கையும் நடுங்கிவிடும். ஆட்டம் வராமல் என்ன செய்யும்?

"லென்ஸ்லயே ஆட்டத்தைத் தடுக்கிற வசதி இருக்குன்னு சொன்னாங்களேண்ணே?" என்று கேட்டேன். "அது உன் கை நடுக்கத்தைத் தாம்மா தடுக்கும். உங்க அப்பா தலையாட்டுறதை அது எப்படித் தடுக்கும்?" என்றார். ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை ஏற்றினால் மங்கலிலும் எடுக்கலாம். ஆனால் அளவுக்கு மீறி ஏற்றினால் முகமெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாகிவிடும். குழம்பில் உப்பைப் போல, அளவோடு சேர்க்க வேண்டிய சமாசாரம் அது.

மதுரைக்கு வந்தவர்கள் எப்படி எடுத்தார்கள்?

இன்றைக்கு நாம் ஜூம் இல்லாவிட்டால் படமே இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் காலத்தில் எல்லாமே நிலையான லென்ஸ்தான். லினேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார கேப்டன், சென்னை ராஜதானியின் அரசாங்கப் போட்டோகிராபராக இருந்தவர், 1858-ல் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோவிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் படமெடுத்தார். பெட்டி கனத்தில் கேமரா, முக்காலி, காகித நெகட்டிவ். தூரமாகத் தெரிந்தால் கிட்டப் போக வேண்டும்; கொள்ளவில்லை என்றால் பின்னால் வர வேண்டும். அதே வருடம் தஞ்சாவூர்ப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டை எடுத்தபோது, அது ஒரு படத்தில் கொள்ளவில்லை. கேமராவை நகர்த்தி நகர்த்தி வைத்து எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கிவிட்டார்!

1950-ல் வந்தவர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் என்ற பிரெஞ்சுக்காரர். உலகப் புகழ்பெற்ற போட்டோகிராபர். அந்த ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதியடைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவர் இவர். அதே வருடம் நம் மதுரையில் அவர் எடுத்த ஒரு படம் இன்றும் பேசப்படுகிறது: எலும்பும் தோலுமான ஒரு குழந்தை, அதைத் தாங்கிய தாய், பக்கத்தில் ஒரு வண்டிச் சக்கரம். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கையடக்கமான லைகா கேமரா, பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ்; வாழ்நாளில் பெரும்பகுதி அதை வைத்துக்கொண்டுதான் அவர் உலகத்தைச் சுற்றினார். அந்த மாதிரி லென்ஸ் உள்ளவர் தெருவுக்கு எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு ஒரு முகத்தை எடுக்க முடியாது. மனிதர்களுக்குப் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும்.

சாதாரண போட்டோ கேமராவுக்கு ஜூம் லென்ஸ் வந்ததே 1959-ல்தான். ஜெர்மனியின் போக்ட்லேண்டர் கம்பெனி, 36-லிருந்து 82 மில்லிமீட்டர் வரை போகிற 'ஜூமார்' என்ற லென்ஸைக் கொண்டுவந்தது. அதற்கப்புறமும் நம் வீடுகளுக்கு வந்தது அக்பா கிளிக் 3 மாதிரி டப்பா கேமராக்கள்தானே? எங்கள் அப்பாவும் ஒன்று வைத்திருந்தார். ஒரு சுருளில் பன்னிரண்டே படம். ஒவ்வொன்றுக்கும் அப்பா முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி நடந்து பார்த்துத்தான் அமுக்குவார். பன்னிரண்டும் பன்னிரண்டு ரத்தினம்! எங்களையெல்லாம் அதில் எடுத்தார். கேமரா எப்போதும் அவர் கையிலேயே இருந்ததால் அவர் மட்டும் எதிலும் இல்லை.

ஜூமைத் திட்டாதீர்கள்

இதைப் படித்துவிட்டு ஜூம் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தச் சித்திரையிலேயே எனக்கு அதன் அருமை தெரிந்தது. சித்ரா பௌர்ணமி. கள்ளழகர் தங்கக் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குகிறார். இந்த வருடம் என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று லட்சக்கணக்கான ஜனங்களின் கண்ணும் அவர்மேல்தான். கரையோரத்தில் என் நாத்தனாருக்குத் தெரிந்தவர்கள் வீட்டு மொட்டை மாடியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து 18-55-ல் பார்த்தால் தலைகள்தான் தெரிகின்றன, எள் போட்டால் எள் விழாது. 50 பிரைம் இருந்திருந்தாலும் அதே கதைதான். "கிட்டப் போய் எடு" என்று யாராவது சொன்னால், அந்தக் கூட்டத்தில் எங்கே போவது? அங்கே 70-300 தான் கைகொடுத்தது. விடியாத மங்கலில் எடுத்தவை ஆடிப்போயின. வெயில் ஏறின பிறகு எடுத்தவற்றில் அழகரின் மாலையில் உள்ள பூவைக்கூட எண்ணலாம்.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் அப்படியே. காலரியில் உட்கார்ந்துதான் எடுக்க முடியும். காளைக்குப் பக்கத்தில் போனால் படம் இருக்கும், நாம் இருக்க மாட்டோம்! பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில் ஆடுகிற பிள்ளை, வேடந்தாங்கல் பறவை, யானைமலை உச்சி, இப்படிக் காலால் போய்ச் சேர முடியாத இடத்துக்கெல்லாம் ஜூம்தான். வெளிச்சம் மட்டும் இருக்க வேண்டும்.

எனக்குப் புரிந்தது இதுதான். லென்ஸ் வாங்குமுன் கடைக்காரரைக் கேட்காதீர்கள். உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் யாரைப் படமெடுக்கப் போகிறேன்? அவர்களிடம் நான் எவ்வளவு கிட்டப் போக முடியும்? அங்கே வெளிச்சம் எப்படி? சொந்த மனிதர்கள், வீட்டுக்குள், கிட்டத்தில் என்றால் பிரைம். எட்டாத இடத்தில், வெயிலில் என்றால் ஜூம்.

அப்பாவின் கண்ணும் ஒரு பாடமும்

இதற்கிடையில் அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. மதுரையில் கண் என்றால் சொல்ல வேண்டுமா? 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த ஊர் இது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைக் குறைந்த விலையில் தயாரிக்க 1992-ல் ஆரோலேப் தொடங்கியதும் இங்கேதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் எங்களுக்கு விவரமாகச் சொன்னார்கள். சாதாரணமாக வைக்கிற லென்ஸ் ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவாகக் காட்டும். தூரப் பார்வைக்கு வைத்தால், பேப்பர் படிக்கத் தனியே கண்ணாடி போட வேண்டும். பல தூரத்துக்கும் காட்டுகிற லென்ஸும் உண்டு, விலை கூடுதல். அது உள்ளே வரும் வெளிச்சத்தைப் பல தூரங்களுக்குப் பங்கு போடுவதால், மங்கலான இடத்தில் சிலருக்குத் தெளிவு கொஞ்சம் குறையலாம், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். எதை வைப்பது என்பது அவரவர் வேலையையும் கண்ணையும் பொறுத்தது என்றார்கள்.

அப்பா யோசிக்கவே இல்லை. "எனக்குக் கொடிக்கால் தெரிஞ்சாப் போதும், பேரன் பேத்தி மொகம் தெரிஞ்சாப் போதும். பேப்பருக்குக் கண்ணாடி மாட்டிக்கிறேன்" என்று சாதாரண லென்ஸையே வைத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. எதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமல் பதினோராயிரத்தைக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்!

வாங்குமுன் ஒரு வாரப் பரீட்சை

ஸ்டுடியோ அண்ணன் எனக்கு ஒரு நல்ல யோசனை சொன்னார். செலவில்லாதது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 50-ல் வைத்து, வளையம் திரும்பாதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட வேண்டும். ஒரு வாரம் அப்படியே எடுக்க வேண்டும். அடுத்த வாரம் 35-ல் வைத்து ஒட்ட வேண்டும். எது நம் வீட்டுக்கு ஒத்து வருகிறது என்று கை தானாகச் சொல்லிவிடும்.

செய்து பார்த்தேன். முதல் இரண்டு நாள் எரிச்சல். மூன்றாம் நாள் கால் தானாக முன்னே பின்னே நகர ஆரம்பித்துவிட்டது, அப்பா கிளிக் கேமராவோடு நடந்த மாதிரியே. பத்தடி அறையில் 50-ஐ வைத்தால் மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றால்தான் கொள்கிறது. 35-ல் நாலைந்து பேர் சௌகரியமாக நிற்கிறார்கள். ஏனென்றால் எங்களைப் போன்றவர்கள் வைத்திருக்கிற சாதாரணக் கேமராக்களில் உள்ளே இருக்கும் சென்ஸார் சின்னது. அதனால் 50 என்பது 75, 80 மாதிரி காட்சியைக் குறுக்கிவிடும். வீட்டுக்குள் குடும்பமாக எடுப்பவர்களுக்கு 35 நல்லது. ஒரே ஒரு முகம் என்றால் 50. எனக்கு வேண்டியது ஒரே ஒரு முகம்.

70-300-ஐ விற்றேன். பதினோராயிரத்துக்கு வாங்கியது ஏழாயிரத்துக்குத்தான் போயிற்று. கையைப் பிசைந்துகொண்டு என்ன பயன்? 50, 1.8 பிரைம் லென்ஸ் ஒன்றைப் பழையதாகவே ஆறாயிரத்துக்கு வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். இருநூறு கிராம்கூட இல்லை. கழுத்துவலி, தோள்வலி உள்ள நம் வயதுக்காரிகளுக்கு இது ஒரு பெரிய விஷயம், சகோதரிகளே. மங்கலிலும் நன்றாக எடுக்கக்கூடிய பெரிய ஜூம் லென்ஸ், 70-200, 2.8 என்பார்கள், ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். விலையோ நம் வீட்டு பிரிட்ஜ், வாஷிங்மெஷின் எல்லாம் சேர்ந்தாலும் எட்டாது!

கொடிக்காலில் ஒரு காலை

ஆடி மாதம் ஊருக்குப் போனேன். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை. அப்பா வழக்கம்போல் வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கிளம்ப, நானும் கூடவே போனேன். எங்கள் சோழவந்தான் கொடிக்காலைப் பார்த்திருக்கிறீர்களா? அகத்தி மரங்கள் வரிசையாக நிற்க, அவற்றில் வெற்றிலைக் கொடி ஏறிப் படர்ந்திருக்கும். உள்ளே போனால் வெயில் நேராகப் படாது. பச்சையாக ஒரு மங்கல் வெளிச்சம்தான். முந்தின லென்ஸாக இருந்தால் அங்கே எடுப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்பாவுக்கு ஐந்தாறு அடி தூரத்தில் நின்றேன். பேசிக்கொண்டே வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். அம்மா இந்தக் கொடிக்காலுக்குக் கஞ்சிக் கலயத்தோடு வந்து, வரப்பில் வழுக்கி விழுந்த கதையை ஆரம்பித்தார். "கஞ்சி போச்சேன்னு அழுதாளே தவிர, காலு வீங்குனதைச் சொல்லவே இல்லை உங்க ஆத்தா" என்று என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கண்ணில் லேசாகத் தண்ணீர். நான் அமுக்கிவிட்டேன்.

திண்ணையிலிருந்து கத்தி வரவழைக்க முடியாத சிரிப்பு அது. கேட்கிற தூரத்தில் நான் நின்றதால்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "என்ன தாயி, இப்பவே மாலை வாங்கி வச்சுட்டியா?" என்றார். "இல்லப்பா, இது நீங்க பாக்குறதுக்கு" என்றேன். "எனக்கெதுக்கு? உங்க ஆத்தா பாக்கட்டும்" என்று சொல்லி, அம்மா படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டச் சொல்லிவிட்டார். மாட்டியிருக்கிறது.

லென்ஸ் வாங்கப் போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

* கேமராவோடு வந்த லென்ஸைக் குறைந்தது ஆறு மாதம் பழகிய பிறகே அடுத்தது வாங்குங்கள். பழைய படங்களைக் கணினியில் திறந்து விவரத்தைப் பார்த்தால், எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று தெரியும். எந்த எண் அடிக்கடி வருகிறதோ, அதுதான் உங்களுக்குரிய லென்ஸ்.

* ஒரு கம்பெனி லென்ஸ் மற்றொரு கம்பெனி கேமராவில் பெரும்பாலும் நேராகப் பொருந்தாது. ஒரே கம்பெனியிலும் பழைய வகை, புது மிரர்லெஸ் வகை என்று வேறுபாடு உண்டு. கேமராவைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

* பழைய லென்ஸ் வாங்கினால், ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டவே வேண்டாம். நீண்டு சுருங்கும் ஜூமில் காற்றோடு தூசியும் உள்ளே போகும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

* பிரைமில் 1.8-ல் வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் விழலாம். ஒருவருக்கு 2.8, இருவருக்கு 4, கூட்டமாக நின்றால் 5.6 அல்லது 8 வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் கண்ணுக்குத்தான் போகஸ்.

* முகத்துக்கு மிகவும் கிட்டே போகாதீர்கள், மூக்கு பெருத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நிற்பது அழகு.

* செல்போனில் இருப்பவை பெரும்பாலும் நிலையான லென்ஸ்களே. பின்னால் இரண்டு மூன்று கண் இருந்தால், அத்தனையும் தனித்தனி லென்ஸ். திரையில் விரலை விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் தோசை மாவில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். அளவு கூடும், ருசி போய்விடும். நாலடி நடந்து கிட்டப் போங்கள்.

* மீனாட்சியம்மன் கோவிலுக்குள் 2018-லிருந்து செல்போனுக்குத் தடை. எந்த இடத்திலும் படமெடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்ட பிறகே லென்ஸை வெளியே எடுங்கள்.

* லென்ஸைத் தோல் உறையிலோ துணி பீரோவிலோ பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். புடவைத் தலைப்பால் துடைக்கவே துடைக்காதீர்கள்!

கடைசியாக ஒன்று. லென்ஸ் வாங்குகிறீர்களோ இல்லையோ, உங்கள் வீட்டில் பரிமாறிக்கொண்டே இருக்கிற ஒருத்தி, கேமராவைப் பிடித்துக்கொண்டே இருக்கிற ஒருவர் இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, கையில் உள்ள செல்போனாலாவது, ஜன்னல் பக்கம் உட்கார வைத்து அவர்களை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.